விட்டுக்கொடுத்து நடித்தவர்

புதுக்கோட்டையில் பிறந்து சினிமாவில் பெயர் எடுத்தவர்களில் இருவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பி.யு. சின்னப்பா ஒருவர், ஜெமினி கணேசன் மற்றவர். ஒருவரை மறந்துவிட்டோம். இன்னொருவரைத் தப்பாக நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாவதுதான் எனக்கு அதிக வருத்தம்.

சின்னப்பா 1951இல் காலமானபோது அவருக்கு வயது 35. தமிழில் இரட்டை வேடம் முதலில் போட்டவர் அவர், 1940இல் வந்த ‘உத்தம புத்திரன்’ படத்தில். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் 1958இல் வந்த சிவாஜியின் படம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். ‘ஜகதலப்பிரதாபன்’ (1944) படத்தில் ஒரே காட்சியில் ஐந்து சின்னப்பா: பாடுகிறவரும் அவரே, பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களும் அவரே. அந்தக் கால கேமராவை வைத்துக்கொண்டு அதைச் செய்தார்கள். பாய்ஸ் நாடகக் கம்பெனியில் பட்ட அடியும் பெற்ற பயிற்சியும் அவர் உடம்பில் தெரியும். எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டை நாம் கொண்டாடுவது சரிதான். ஆனால் பாடவும் சண்டை போடவும் வசனம் பேசவும் ஒருசேரத் தெரிந்தவர் என்று பார்த்தால் அந்தத் தலைமுறையில் சின்னப்பாவைத்தான் முன்னால் வைப்பேன்.

ஜெமினி கணேசன் விஷயம் வேறு. அவரை யாரும் மறக்கவில்லை. எம்.ஜி.ஆர்., சிவாஜி, பிறகு ஜெமினி என்று மூன்றாவதாக உட்கார வைத்துவிட்டோம். ‘காதல் மன்னன்’ என்று ஒரு பட்டமும் கொடுத்தோம். அந்தப் பட்டம் அவர் வாழ்க்கையைப் பற்றிய பேச்சுக்கு வழி விட்டதே தவிர, நடிப்பைப் பற்றிய பேச்சை அடைத்துவிட்டது.

*

அதே புதுக்கோட்டைப் பக்கத்து ஆவூரில் பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறது. மதுரை மிஷன் காலத்திலிருந்து தொடரும் தலம். ஈஸ்டரை ஒட்டி, ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகமும் தேரும் நடக்கும். மூன்று மதத்தாரும் வந்து கூடுவார்கள். பாஸ்கா என்றாலே என் கண் தேடுவது சீமோனைத்தான். சிரேன் ஊர்க்காரன், வழியில் போனவன், படைவீரர்கள் பிடித்து இழுத்து ஏசுவின் சிலுவையைச் சுமக்க வைத்தவன். சுவிசேஷத்தில் அவனுக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது. யூதாசுக்குப் புலம்பல் உண்டு, பிலாத்துவுக்குக் கேள்வி உண்டு. சீமோனுக்கு இருப்பது பாரம் மட்டும். அந்த வேடத்தைப் போடுகிறவன் கொஞ்சம் மிகைப்படுத்தினால் பார்வை ஏசுவை விட்டு அவன் பக்கம் திரும்பிவிடும். ஒழுங்காகச் சுமந்தால், ஏசுவின் களைப்பு நமக்கு இரண்டு மடங்காகத் தெரியும்.

ஜெமினியின் நடிப்பு அந்த வகை என்று எனக்குப் படுகிறது.

ஐம்பது, அறுபதுகளில் பெண்ணை நடுவில் வைத்து எடுத்த நல்ல படங்களை எண்ணிப் பாருங்கள். ‘மிஸ்ஸியம்மா’, ‘கல்யாண பரிசு’, ‘கற்பகம்’, ‘இரு கோடுகள்’. எதிரில் சாவித்திரி, சரோஜாதேவி, விஜயகுமாரி, அறிமுகப் படத்திலேயே கே.ஆர். விஜயா, பிறகு சௌகார் ஜானகி, ஜெயந்தி. எல்லாவற்றிலும் ஆண் இவர்தான். இது தற்செயல் இல்லை. அந்தக் கதைகளுக்குத் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு நிற்கிற கதாநாயகன் ஒருவன் வேண்டியிருந்தது. எம்.ஜி.ஆரோ சிவாஜியோ வந்திருந்தால் கதை அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கும். தோற்கிறவனாக, முடிவெடுக்கத் தெரியாதவனாக, பெண்ணின் கேள்விக்குப் பதில் இல்லாதவனாக நிற்க ஜெமினி கூச்சப்படவில்லை.

‘இரு கோடுகள்’ (1969) படத்தை மறுபடி பார்க்கும்போதெல்லாம் அவர் தோள்களைத்தான் கவனிப்பேன். கோபிநாத் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா. வீட்டில் மனைவி, பிள்ளைகள். புதிதாக வந்த கலெக்டர், எப்போதோ பிரிந்துபோன முதல் மனைவி. அவன் செய்த தப்பு நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அவன் தினமும் வணக்கம் வைக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு பெரிய நடிகர் என்னென்ன செய்திருப்பார் என்று நமக்குத் தெரியும். கன்னம் துடித்திருக்கும், குரல் உடைந்திருக்கும். ஜெமினி ஒரு குமாஸ்தா எப்படி நிற்பானோ அப்படி நிற்கிறார். மேலதிகாரிக்கு முன்னால் சற்றே முன்வளைந்த தோள், முகத்தில் ஏறாமல் கண்ணுக்குக் கீழேயே தங்கிவிட்ட குற்றவுணர்ச்சி. சௌகார் ஜானகியின் மிடுக்குக்கு அளவு கொடுப்பதே அந்தத் தோள்கள். பாராட்டு முழுக்க அவருக்குப் போனது. அவருக்கு உரியதுதான். அதில் ஜெமினிக்கும் பங்கு உண்டு என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

*

‘இரு கோடுகள்’ படத்தை வைத்தே அதன் இயக்குநர் பாலசந்தரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரை நாம் கொஞ்சம் அதிகமாகவே தூக்கி வைத்திருக்கிறோம். எடுத்துக்கொண்ட விஷயங்களில் துணிச்சல் உண்டு, பெண் பாத்திரங்களை எழுதியதில் அக்கறை உண்டு. இரண்டையும் மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட்சி தானாகப் பேசும் என்று அவர் நம்பவே இல்லை. ஒரு கோட்டைத் தொடாமல் சின்னதாக்க வேண்டுமானால் பக்கத்தில் பெரிய கோடு போட வேண்டும் என்ற கணக்கு படத்தின் பெயரிலேயே வந்துவிடுகிறது. ‘அபூர்வ ராகங்கள்’ (1975) படத்தில் உறவுச் சிக்கலை ஒரு விடுகதையாக்கி நம் கையில் கொடுத்துவிடுகிறார். விடை தெரிந்துவிட்டால் மனுஷர்கள் மீதான கவனம் குறைந்துபோகிறது.

பாலசந்தரைத் தூக்கி வைத்த நம்மில் கே. ராம்நாத் பெயரை இன்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநர் ஆனவர். ‘லே மிசரபிள்’ நாவலிலிருந்து ‘ஏழை படும் பாடு’ (1950) எடுத்தார். நாகையா கைதி. அவரைத் துரத்துகிற போலீஸ்காரர் ஜாவராக நடித்த சீதாராமன், அதற்குப் பிறகு கடைசிவரை ஜாவர் சீதாராமன்தான். ஒரு பாத்திரம் நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்படி எடுப்பது லேசான காரியமா? அடுத்து ‘மர்மயோகி’. 1952இல் ‘தாய் உள்ளம்’. அதில் கதாநாயகன் ஆர்.எஸ். மனோகர், வில்லன் ஜெமினி கணேசன். பின்னாளில் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். ராம்நாத் 1956இலேயே போய்விட்டார்.

*

ஜெமினியை உயர்த்துவதால் சிவாஜியைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். ‘பராசக்தி’யின் கோர்ட் வசனத்தை அளவுகோலாக வைத்து அவரையும் நாம் குறைவாகத்தான் புரிந்துகொண்டோம். ‘முதல் மரியாதை’யில் (1985) அவர் பேசாமல் இருக்கும் நேரங்கள் எனக்கு அந்த வசனத்தைவிட மேலானவை. சத்தம்தான் நடிப்பு என்ற தீர்ப்பு, சத்தம் போடத் தெரிந்தவரையும் சேர்த்தே கெடுத்தது.

ஜெமினிக்குப் பேசவும் வேஷம் கட்டவும் தெரியாது என்பவர்கள் ‘நான் அவன் இல்லை’ (1974) பார்க்க வேண்டும். பாலசந்தர் இயக்கம், தயாரிப்பு ஜெமினியே. கூண்டில் ஒருவன் நிற்கிறான். ஏமாந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து இவன்தான் என்கிறார்கள். அவன் ஒவ்வொரு பெயரையும் மறுக்கிறான். ஒவ்வொரு வேஷத்துக்கும் நடை, பேச்சு, மரியாதை எல்லாம் வேறு. ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இத்தனையும் கையில் வைத்துக்கொண்டுதான் அதற்கு முன்னால் அத்தனை படங்களில் ஒதுங்கி நின்றிருக்கிறார்.