கறவைப் பசுவின் மேல் ஏற்றும் பாரம்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கித் தேநீர் பருகும் நாம், அப்பால் எவ்வளவு வெம்மையைக் கடந்து வந்தது என எண்ணுவதில்லை. கோடையில் இங்கு வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உம்பளச்சேரி போன்ற நாட்டு மாடுகள் ஓரளவு தாங்கும். ஜெர்சிக் கலப்பினப் பசுக்கள் தாங்கா. தகரக் கூரையின் கீழ் வாய்திறந்து மூச்சிரைக்கின்றன. தீனி குறைகிறது, சினைப்பிடிப்பும் குறைகிறது.

பலமுறை சினை ஊசி போட்டும் சினை நிற்காத பசுவின் கதி யாவரும் அறிந்ததே. சந்தைக்குப் போய் அடிமாடாகிறது.

மெலாக்சிகாம், புளுநிக்சின் முதலிய அழற்சி தணிக்கும் மருந்துகளை ஆய்வாளர் இதற்கும் ஆராய்ந்துள்ளனர். கருப்பையில் சுரக்கும் புராஸ்டாகிளாண்டின், சினையைக் காக்கும் சுரப்பியைக் கரைத்துவிடும். ஏறத்தாழ 16ஆம் நாளில் கரு தன் இருப்பைத் தாய்க்கு உணர்த்தி அதனைத் தடுக்க வேண்டும். வெம்மையில் நலிந்த கருவுக்கு அவ்வாற்றல் குறைவு. அவ்வேளையில் மருந்து துணைநின்றால் கரு பிழைக்கலாம் என்பது கருத்து. ஆய்வு முடிவுகளோ ஒன்றுபோல் இல்லை.

மடிவீக்கத்தால் துடிக்கும் பசுவின் வலியைத் தணிப்பது கருணையே. வலியில்லாத பசுவுக்கு நம் ஆதாயத்தின் பொருட்டு அதே மருந்தை ஏற்றுவதும் கருணையாகுமா? அடிமாடாகாமல் காக்கத்தானே என்பர். அடிமாடாக்குவோரும் மனிதரே, ஆதலின் அவ்வாதம் நம்மை விடுவிக்காது. கொல்லாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் அளவுமீறிப் பாரம் ஏற்றுதலும் ஒன்று. வண்டி மூட்டை மட்டுமோ பாரம்? கொதிக்கும் கூரையின் கீழ் நிறுத்தி, பாலும் கறந்து, கன்றும் சுமக்கச் செய்வது பாரமன்றோ!

மருந்தின் விளைவு தொழுவத்தோடு முடிவதுமில்லை. டைக்ளோஃபினாக் ஏற்றப்பட்டு இறந்த மாடுகளைத் தின்ற பாறு எனும் பிணந்தின்னிக் கழுகுகள், சிறுநீரகம் கெட்டு மடிந்தமை 2004இல் வெளியாயிற்று. 2006இல் நம் நாடு அதனைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தது; 2023இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் தடையாயின. அதற்குள் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. தமிழகத்தில் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே சில எஞ்சியுள்ளன. மெலாக்சிகாம் அவற்றைக் கொல்வதில்லை என அறியப்பட்டது ஆறுதல்.

மாடு வளர்க்கும் நம் குடும்பத்தார் முதலில் கூரையைப் பார்க்கட்டும். தகரத்தின்மேல் தென்னங்கீற்று வேயலாம். நண்பகலில் உடல் நனைய நீர் தெளிக்கலாம். குடிநீர் எந்நேரமும் தொட்டியில் இருத்தல் வேண்டும். தீனியை விடியலிலும் அந்திக்குப் பின்னும் இடுவது நன்று. மடிவீக்கமோ காய்ச்சலோ கண்டால் கால்நடை மருத்துவரை அழைத்து, கழுகுக்குத் தீங்கற்ற மருந்தையே கேட்டுப் பெறலாம். அவர் குறிக்கும் நாள்வரை அப்பாலை விற்றலாகாது.