இடது கை தேடிய இடம்

ஆறு மாதமாகிறது. அப்பாவின் இடது கை இன்னும் என்னை விடவில்லை.

நடந்தது மிகச் சிறிய விஷயம். கோவையில் என் வீட்டு மாடியறையில் ஒரு ரேஸிங் காக்பிட் இருக்கிறது. அலுமினிய புரொஃபைல் சட்டம், பழைய காரிலிருந்து கழற்றிய இருக்கை, ஸ்டியரிங், பெடல், எதிரே அகலமான திரை. அப்பா முப்பத்து நான்கு வருடம் டிராவல்ஸ் கார் ஓட்டியவர். பொங்கலுக்கு வந்திருந்தபோது, "ஒருக்கா உக்காந்து பாருங்கப்பா" என்று கூப்பிட்டேன். கியர் தானாக மாறும்படி வைத்து, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்கு வளையத்தை எடுத்துக் கொடுத்தேன். 20.8 கிலோமீட்டர், காட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே வளைந்து ஓடும் தடம். மலைப்பாதையிலேயே காலம் கழித்தவருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

நன்றாகவே ஓட்டினார். நான்காவது நிமிடமோ என்னவோ, முன்னால் போன கார் ஒன்று வளைவில் சுழன்று தடுப்புச் சுவரில் மோதி, குறுக்கே நின்றது. அப்பா வேகத்தைக் குறைத்தார். இடப்பக்கப் புல்லில் இறக்கினார். நிறுத்தினார். பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே இடது கையைக் கீழே விட்டார். இருக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தில் அந்தக் கை எதையோ தேடியது. விரல்கள் மூடின. பொத்தானை அழுத்துவதுபோலக் கட்டைவிரல் மடங்கியது. கை மேல்நோக்கி இழுத்தது.

அங்கே ஒன்றுமில்லை.

"ஏங் கண்ணு, அந்த வண்டிக்குள்ள ஆள் இருக்குதா?"

"இல்லீங்கப்பா. அது கம்ப்யூட்டரே ஓட்டற வண்டி."

"செரி" என்றார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிரேக்கு நல்லாப் புடிக்குது" என்று சொல்லி எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த பிரேக் நல்லாப் பிடிப்பதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஐந்து வருடத்துக்கு முன் மேசை விளிம்பில் மாட்டும் ஸ்டியரிங் ஒன்றை வாங்கியதில் தொடங்கியது இது. உட்கார்ந்தது ஆபீஸ் நாற்காலியில். பிரேக்கை அழுத்தினால் கார் நிற்பதற்குப் பதில் நாற்காலி பின்னால் உருளும். சக்கரங்களுக்குப் பின்னால் மரத்துண்டுகளை அண்டக் கொடுத்தேன். நான் செய்த முதல் மேம்பாடு அதுதான். பிறகு பட்டறையில் சதுரக் குழாயை வெல்டிங் செய்து ஒரு சட்டம். அதற்கப்புறம் லோட் செல் வைத்த பெடல் வந்தது. சாதாரண பெடல், கால் எவ்வளவு தூரம் போனது என்பதை அளக்கும். லோட் செல், கால் எவ்வளவு அழுத்தியது என்பதை அளக்கும். மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசுக்குள் இருப்பதும் இதே சங்கதிதான். கால் தூரத்தைவிட அழுத்தத்தைத்தான் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்கிறது. நிஜ காரில் நாம் பிரேக் பிடிப்பதும் அந்த ஞாபகத்தை வைத்துத்தான். ஆனால் அழுத்தம் கூடியதும் குழாய்ச் சட்டம் நெளிய ஆரம்பித்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, 40-க்கு 80 மில்லிமீட்டர் அலுமினிய புரொஃபைலில் புதிதாகக் கட்டினேன். காடியில் டி-நட்டை நுழைத்து, எம்8 போல்ட்டைப் போட்டு இறுக்கினால் ஒரு மயிரிழை அசையாது. கடைசியாக, மோட்டாரின் தண்டிலேயே நேரடியாக ஸ்டியரிங்கைப் பூட்டும் டைரக்ட் டிரைவ். பழைய ஸ்டியரிங் கையில் தந்தது ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இது 8 தரும். வடக்கு வளையத்தில் கருசெல் என்றொரு வளைவு உண்டு. கிண்ணம்போல் சரிந்த கான்கிரீட் தளம். அதில் இறங்கினால் ஒவ்வொரு பலகையின் இணைப்பும் மணிக்கட்டில் தட்டும்.

இவ்வளவையும் ஒரே ஒரு சொல்லுக்காகத்தான் செய்தேன்: தத்ரூபம். அப்படியே நிஜம் மாதிரி இருக்க வேண்டும். அப்பாவின் கை மூன்று விநாடியில் காட்டிக் கொடுத்தது, நான் ஓர் இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன் என்பதை. பிரேக் பிடிக்க அத்தனை செலவு செய்தவன், வண்டியை நிறுத்தி வைக்க ஒன்றும் செய்யவில்லை. ஏனென்றால் நான் அங்கே ஒருநாளும் நிறுத்தியதில்லை.

சிறுவயதில் பள்ளி விடுமுறைகளில் அப்பாவோடு வால்பாறைக்குப் போவேன். ஆழியாறிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கும். எண்ணிக்கொண்டே போவது எனக்குப் பொழுதுபோக்கு. எனக்கு ஒரு வேலையும் உண்டு. மேட்டில் வண்டி நின்றால் அப்பா ஹேண்ட் பிரேக்கை இழுப்பார். பற்கள் ஏறும் சத்தம் வரும். "கட்டையப் போடு சாமி" என்பார். நான் குதித்திறங்கி, பின்சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையை வைத்துவிட்டு, "போட்டாச்சுங்க" என்று கத்த வேண்டும். முட்டுக்கட்டை என்றால் இன்று தடங்கல் என்றுதான் பொருள் கொள்கிறோம். எனக்கு அது முதலில் தெரிந்தது, உள்ளே இருப்பவர்களை உருண்டுவிடாமல் காப்பாற்றும் ஒரு மரத்துண்டாக.

வழியில் எந்த வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு நின்றாலும் அப்பா ஓரங்கட்டுவார். மலையில் வண்டி ஓட்டுகிறவர்களிடம் அது எழுதாத சட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கி வரும்போது, ரேடியேட்டர் கொதித்து நின்ற ஒரு ஜீப்புக்காக முக்கால் மணி நேரம் நின்றோம். சாயங்காலம் டிவியில் படம் போடுவான், அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நமக்கு என்னங்கப்பா?" என்று கேட்டேன். அவர் பதில் சொன்னதாக ஞாபகமில்லை. கேனில் இருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். முதலில் படம் போய்விட்டது என்று வருத்தம். பிறகு அந்த வருத்தமும் மறந்துபோனது. கட்டை மட்டும் நினைவிருக்கிறது, ஈரமும் கிரீஸுமாய்.

பொங்கலுக்குப் பிறகு, எப்போதோ படித்த இரண்டு சம்பவங்கள் அடிக்கடி மனதில் வருகின்றன. ஒன்று, அப்பா நிறுத்திய அதே தடத்தில் நடந்தது. 1976 ஆகஸ்ட் 1, ஜெர்மன் கிராண்ட் பிரீ. நிக்கி லாவ்டாவின் ஃபெராரி பெர்க்வெர்க் வளைவுக்குச் சற்று முன்னால் மோதித் தீப்பிடித்தது. பின்னால் வந்த ஓட்டுநர்கள் நான்கு பேர், மெர்சாரியோ, எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்ல், காரைவிட்டு இறங்கித் தீக்குள் போனார்கள். மெர்சாரியோ பெல்ட்டைக் கழற்றினார். லாவ்டா பிழைத்தார். ஆறு வாரத்தில் மான்சாவில் மறுபடி ஓட்டி நான்காவதாக வந்தார்.

இன்னொன்று அதற்கு மூன்று வருடம் முன்பு, 1973-இல், நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட்டில். ரோஜர் வில்லியம்சனின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து எரிந்தது. டேவிட் பர்லி ஒருவர்தான் நிறுத்தினார். தன் காரைவிட்டு ஓடிவந்து, எரிகிற காரைத் தனியாளாய்ப் புரட்டப் பார்த்தார். முடியவில்லை. வில்லியம்சன் இறந்துபோனார். பந்தயம் நிற்கவில்லை, மற்ற கார்கள் கடந்து போய்க்கொண்டே இருந்தன. பக்கத்தில் நின்று போராடிய பர்லியைப் பார்த்து, அந்த காரின் ஓட்டுநரே வெளியே வந்துவிட்டார் என்று பலர் நினைத்துக்கொண்டார்களாம். பிறகு பர்லிக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள்.

கடந்து போனவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வண்டிக்குள் ஆள் இருக்குதா என்ற கேள்விக்கு, கேட்பதற்கு முன்பே அவர்களுக்கு ஒரு விடை கிடைத்துவிட்டது. அவ்வளவுதான். எனக்கும் ராத்திரி தோறும் விடை தயாராகவே இருக்கிறது. பெர்க்வெர்க்கைத் தினமும் கடக்கிறேன். எதிரே கார் கவிழ்ந்து கிடந்தால் எந்தப் பக்கம் இடைவெளி இருக்கிறது என்று மட்டும்தான் கண் பார்க்கிறது. அப்படிப் பார்ப்பதற்குத்தான் அதைப் பழக்கியிருக்கிறேன்.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "விளையாட்டை விளையாட்டா பாருங்க. சதுரங்கத்துல சிப்பாய் விழுந்தா யாராச்சும் அழுவாங்களா? உங்கப்பாவுக்குக் கைப்பழக்கம், அவ்வளவுதான்" என்றார். சரியான பேச்சு. ஆனால் "கைப்பழக்கம், அவ்வளவுதான்" என்பதில்தான் எனக்குச் சிக்கல். அப்பா நிறுத்தியது இரக்கத்தாலா, பழக்கத்தாலா? அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. முப்பத்து நான்கு வருடம் நிறுத்தி நிறுத்தி, இரக்கம் கைக்குள் இறங்கிவிட்டிருக்கலாம். அப்படியானால் நல்லகுணம் என்று நாம் சொல்வதில் பாதி, யோசிக்காமல் கை செய்கிற வேலைதானோ? பாதிக்கு மேலே கூடவோ?

அப்படியென்றால் என் கை என்ன கற்றுக்கொண்டிருக்கிறது?

போன மாதம் ராத்திரி பைபாஸில் வந்துகொண்டிருந்தேன். ஒரு பைக் சரிந்து கிடந்தது. நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். ஆள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். கால் பிரேக்குக்குப் போகவேயில்லை. வீட்டுக்கு வந்து கேட்டைத் திறக்கும்போதுதான் அப்பாவின் கை ஞாபகம் வந்தது. இது மாடியறையில் வந்த பழக்கமா? இல்லை, காக்பிட் கட்டுவதற்கு முன்னாலும் இப்படித்தான் போயிருப்பேனா? நேர்மையாகச் சொன்னால், முன்னாலும் பலமுறை நிற்காமல் போயிருக்கிறேன். பழியை அலுமினியச் சட்டத்தின்மேல் போடுவது எளிது. சரியாக இருக்காது.

அந்தக் காலி இடத்தில் ஒரு ஹேண்ட் பிரேக்கைப் பொருத்திவிடலாமா என்று யோசித்தேன். சிம் ரேஸிங்குக்கென்றே செய்து விற்கிறார்கள். பார்த்தால் எல்லாம் ராலிக்கும் டிரிஃப்ட்டுக்கும் ஆனவை. பின்சக்கரத்தை ஒரு கணம் பூட்டி, வண்டியை வழுக்கித் திருப்புவதற்கு. இழுத்த இடத்தில் நிற்காது, விட்டால் திரும்பிவிடும். வண்டியை நிறுத்தி வைப்பதற்கென்று ஒன்று என் கண்ணில் படவில்லை. பட்டறையில் பல்லுள்ள பழைய லீவர் ஒன்றை வாங்கி, நானே ஒரு சுவிட்ச் வைத்து மாட்டிக்கொள்ளலாம். அரைநாள் வேலை.

தீபாவளிக்கு அப்பா வருகிறார். அதற்குள் மாட்டி வைத்தால் அவர் கை அதைக் கண்டுபிடிக்கும். வண்டி நிற்கும். பிறகு? கதவைத் திறந்து இறங்கிப் போய்ப் பார்க்க அங்கே வழியில்லை. மாட்டாமல் விட்டால் அந்தக் கை மறுபடி காற்றில் தேடும். எது அவருக்கு மரியாதை என்று தெரியவில்லை. எனக்கு எது தேவை என்பதும் தெளிவாகவில்லை.

இடப்பக்கச் சட்டத்தின் காடியில் இரண்டு டி-நட்டுகளை நுழைத்து வைத்திருக்கிறேன். போல்ட் இன்னும் போடவில்லை. காக்பிட்டில் ஏறும்போது கால் பட்டு அவை முன்னும் பின்னும் நகர்கின்றன.