கரைக்கு வந்த அயலான்

வாழ்வில் ஒரு படி மேலே ஏறவேண்டும் என்னும் ஆசை குற்றமாகுமா? உப்பளத்து வெயிலில் நாளெல்லாம் நிற்பவர் தம் மகள் கல்லூரிக்குச் செல்லவேண்டும் என்று எண்ணுவது அறத்துக்கு மாறானது அன்று. ஆனால் அவ்வாசை உள்ளத்தில் முதிர்ந்திருக்கும் வேளையில், முன்பின் அறியாத ஒருவன் வாசலில் வந்து நின்று, "உயரும் வழியை நான் காட்டுகிறேன்" என்கிறான். அவனை நம்புவதா, விலக்குவதா? இவ்வினாவுக்கு இந்த மரக்காணக் கரையின் பழந்தமிழ் நூல் ஒரு விடை தருகிறது. ஸ்ரீமத் ராமாயணத்தின் கடற்கரை மற்றொரு விடை தருகிறது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை இயற்றியவர், மரக்காணத்துக்கு வடக்கே அடுத்துள்ள இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்நூல் போற்றும் வள்ளல் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அதில் வரும் எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. வறுமையுற்ற பாணன் ஒருவனை, பரிசில் பெற்று மீளும் மற்றொரு பாணன் வழியிடையே காண்கிறான். பரிசில் பெற்றவன் தன் பழைய வறுமையையும் சொல்கிறான். குப்பையில் முளைத்த வேளைக் கீரையைத் தன் இல்லத்தாள் உப்பும் இன்றி அவித்ததையும், பிறர் காண நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்டதையும் அவன் ஒளிக்கவில்லை. பின்னர், தான் பெற்றுவந்த யானையையும் தேரையும் சுட்டி, எவ்வெவ்வூர் வழியே செல்லவேண்டும், எங்கே யார் உணவளிப்பர் என்பதையெல்லாம் விளக்கி, 'நீயும் சென்று பெறுக' என்கிறான். எயிற்பட்டினத்துப் பரதவர் அயலூர்ப் பாணனை முகம் கோணாமல் உபசரிப்பர் என்பதும் அவன் கூறும் செய்திகளுள் ஒன்று. கேட்பவனிடம் அவன் தனக்கென யாதொன்றும் வேண்டவில்லை. வழியைத் தன் கைக்குள் மறைத்துக்கொள்ளவும் இல்லை. அவன் சொல் நம்பத் தகுந்தது என்பதற்கு இவையே சான்று.

இனி ராமாயணத்தைக் காண்போம். நால்வர் துணையுடன் வானில் வந்து நின்ற விபீஷணன், தான் இராவணனின் தம்பி என்பதை மறையாது அறிவிக்கிறான். அவனைக் கொல்லவேண்டும் என்கிறான் சுக்ரீவன். ஆராய்ந்து முடிவு செய்யலாம் என்கிறான் அங்கதன். தகாத இடத்தில், தகாத காலத்தில் வந்தவன் என்று ஐயுறுகிறான் ஜாம்பவான். அநுமன் கூறுவதோ வியப்புக்குரியது. வாலி மாண்டதையும் சுக்ரீவன் முடிசூடியதையும் கேட்டு, தானும் அரசு பெறும் விருப்பத்துடன் இவன் வந்திருக்கிறான். ஆதலால் ஏற்கலாம் என்கிறான். உயரவேண்டும் என்னும் ஆசையை அவன் குற்றமாகக் கருதவில்லை.

குற்றமே இருப்பினும், நட்பை நாடி வந்தவனைக் கைவிடேன் என்பது பெருமாளின் திருவுள்ளம். இவ்வொரு நிகழ்ச்சியின் பொருளை விரிக்கவே வேதாந்த தேசிகர் 'அபயப்ரதான ஸாரம்' என்னும் நூலை அருளினார். இதில் நிகழ்ந்தவற்றின் முறையை அன்பர்கள் கவனிக்க வேண்டும். முதலில் அபயம், அடுத்து இலங்கையின் வலிமையைப் பற்றிய வினா, விடை வந்த பின்னரே, இலக்குமணன் கொணர்ந்த கடல்நீரால் முடிசூட்டு.

"வந்தவன் வஞ்சகனே ஆயினும் சக்கரவர்த்தித் திருமகனுக்கு ஒரு தீங்கும் செய்ய இயலாது, எளியவர்களாகிய நமக்கு அவ்வலிமை ஏது?" என்று கேட்பது நியாயமே. அபயம் வேறு, முடிசூட்டு வேறு என்பதே அதற்கு விடை. பசித்து வந்த அயலானுக்குச் சோறும் நீரும் நிழலும் அளிப்பதால் எக்குடும்பமும் அழிந்துவிடாது. அதனை மறுப்பதே பிழை. வீட்டுப் பத்திரத்தையும், மகளின் நகையையும், வெளிநாட்டு வேலைக்கென மகனின் பாஸ்போர்ட்டையும், வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணையும் ஒருவன் கையில் கொடுப்பது முடிசூட்டுவதற்கு ஒப்பாகும். அதற்கு வினாவும் விடையும் முன்னே வேண்டும்.

வஞ்சகனை அறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. "இன்றே பணம் கட்டு; வீட்டில் ஒருவருக்கும் சொல்லாதே" என்பான் அவன். பாணன் தன் அடைத்த கதவைப் பற்றி வெளிப்படையாகப் பேசினான். வஞ்சகனோ நம் கதவை அடைக்கச் சொல்கிறான். நம் ஆசையைக் காட்டிலும் நம் நாணத்தையே அவன் பெரிதும் நம்பியிருக்கிறான். வறுமை பிறருக்குத் தெரியலாகாது, முயற்சி தோற்றால் ஊர் நகைக்கும் என்று அஞ்சி நாம் தனியே முடிவு செய்யும்போது அவன் வெல்கிறான். பெருமாளோ வானர வீரர் அனைவரையும் பேசவிட்டு, மாறுபட்ட சொற்களையும் கேட்ட பின்னரே தம் முடிவைக் கூறினார். மனைவியிடமும், மூத்தவர்களிடமும், அத்தொழில் அறிந்தவரிடமும் சொல்லத் தயங்கும் ஒரு திட்டத்தை நாம் கைக்கொள்ளல் ஆகாது.

உப்பளத்தார் உவர்நீரை வெயிலுக்குத் திறந்து வைக்கின்றனர்; பாத்தி பாத்தியாக மாற்றி, உப்பு உறையும்வரை பொறுக்கின்றனர்; உறைந்தபின் எஞ்சும் கசப்புநீரை வடித்துவிடுகின்றனர். அயலான் சொல்லையும் நம் ஆசையையும் அவ்வாறே பலர் அறிய வெளியில் வைத்து, காலம் கொடுத்துப் பார்ப்போமாக. வந்தவரை வெறுக்காத நெஞ்சையும், வஞ்சகரிடம் மயங்காத அறிவையும் எம்பெருமான் நமக்கு அருள்வானாக.