எழுபது கிலோ அதிகம்

வீடு மாற்றும்போதுதான் தெரியும், நம்மிடம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று. போன தடவை நான் மாறியபோது மினி லாரி மூன்று நடை அடித்தது. மூன்றாவது நடையில் வந்ததில் பாதி, என்னிடம் இருப்பதையே நான் மறந்துபோன சாமான்கள். உங்களுக்கும் நடந்திருக்கும்.

இப்படி யோசித்துப் பாருங்கள். லாரிக்காரர் வந்து, "சார், மொத்தம் எழுநூத்தம்பது கிலோதான். அதுக்கு மேல ஒரு டம்ளர்கூட ஏத்த மாட்டேன். இனிமே இந்த வண்டிதான் உங்க வீடு" என்கிறார். எதை ஏற்றுவீர்கள்?

அமெரிக்காவில் நிஜமாகவே இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் நிறையப் பேர். வீட்டை விட்டுவிட்டு வருஷம் முழுக்க ரோட்டிலேயே வாழ்கிறவர்கள். அவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017-ல் எழுதிய 'நோமேட்லேண்ட்' புத்தகம் படமாகி, 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் அரிசோனாவில் இருக்கிறான். அவன் பக்கத்து வீட்டு அம்மாவும் இந்தக் கணக்கில் இறங்கினார். வயது 64. கணவர் போய்விட்டார், ஆஸ்பத்திரி பில் மட்டும் நின்றது. வீட்டை விற்றுக் கடனை அடைத்தது போக, கையில் இருந்தது ஒரு பழைய பிக்கப் வண்டியும் கொஞ்சம் பணமும். அந்த வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போக ஒரு டிரெய்லர் வாங்க வேண்டும். எதை வாங்குவது?

கட்டில், சோபா, கிச்சன் எல்லாம் வைத்துத் தயாராக விற்கும் உல்லாச டிரெய்லர்கள் அங்கே ஏராளம். நண்பன் அதைத்தான் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா வாரன்டி பேப்பரைக் காட்டினாராம். முழு நேரமாகக் குடியிருந்தால் வாரன்டி செல்லாது என்று பல கம்பெனிகள் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதாவது, வீடு மாதிரி இருக்கும். வீடாக நினைத்துக் குடியேறினால் கம்பெனி பொறுப்பில்லை!

அதனால் அவர் தேர்ந்தெடுத்தது சரக்கு டிரெய்லர். மோட்டார் சைக்கிள், மரச் சாமான் ஏற்றுகிற தகரப் பெட்டி. 6 அடி அகலம், 12 அடி நீளம். உள்ளே வெறும் சுவர். விசாரித்து, உட்கார்ந்து, குனிந்து அடிப்பாகம்வரை பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். சுவருக்குள் இருக்கும் இரும்புச் சட்டங்கள் 24 அங்குலத்துக்கு ஒன்றா, 16 அங்குலத்துக்கு ஒன்றா? 16 என்றால் ஆட்டம் தாங்கும். தரைப் பலகை என்ன கனம்? கூரையில் தண்ணீர் தேங்குமா? இரட்டை அச்சு வைத்த பெரியது இன்னும் உறுதிதான். ஆனால் உறுதி கூடக் கூட டிரெய்லரின் சொந்த எடையும் கூடும். அதை இழுக்கப் பெரிய வண்டி வேண்டும், அதற்குப் பெரிய பெட்ரோல் செலவு. ஒற்றை அச்சே போதும் என்றுவிட்டார்.

ஒவ்வொரு டிரெய்லரிலும் ஒரு தகடு அடித்திருப்பார்கள். சரக்கோடு சேர்த்து மொத்தம் இவ்வளவுதான் என்று. இந்த ரகத்தில் பெரும்பாலும் 2,990 பவுண்டு. ஏன் இந்தக் கணக்கு? 3,000 பவுண்டைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டம். பத்து பவுண்டில் சட்டத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொள்கிற சாமர்த்தியம், காமர்ஸ் படித்த எனக்குப் புதிதில்லை. நம் கணக்கில் அது 1,356 கிலோ. பெட்டியின் எடை மட்டும் அறுநூறு. பாக்கி எழுநூற்றைம்பது சொச்சத்தில்தான் கட்டில், பேட்டரி, அடுப்பு, துணிமணி, தண்ணீர், அறுபத்து நான்கு வருஷம்... எல்லாம்.

இன்னொரு சிக்கல், சரக்குக்கு மூச்சு தேவையில்லை. மனுஷிக்குத் தேவை. மூடிய பெட்டிக்குள் கேஸ் அடுப்பு எரித்தால் உயிருக்கே ஆபத்து. தூங்கும்போது விடுகிற மூச்சே குளிரில் தகரத்தில் நீராகப் படிந்து சொட்டும். எனவே கூரையை வெட்டி ஃபேன், பக்கவாட்டை வெட்டி ஜன்னல்.

இதைக் கேட்டபோது எனக்கு ஹென்றி டேவிட் தோரோ ஞாபகம் வந்தார். 1854-ல் வெளிவந்த 'வால்டன்' நூலில் ரயில் பாதை ஓரத்துப் பெட்டி ஒன்றைப் பற்றி எழுதியிருப்பார். தொழிலாளிகள் கருவிகளைப் பூட்டி வைக்கிற பெட்டி. 6 அடிக்கு 3 அடி. ஒரு டாலர் கொடுத்து அதை வாங்கி, காற்றுக்கு நாலு ஓட்டை போட்டுக்கொண்டால் வாடகைத் தொல்லை இல்லாமல் வாழலாமே என்பார். கல்லூரி நாளில் அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் ஆடம்பரத்தையெல்லாம் வெறுத்துக்கொண்டு திரிந்தேன். (எட்டாவது நாள் சினிமாவுக்குப் போனேன்.)

அதே பெட்டி. அதே ஓட்டை. ஆனால் தோரோ குடிசை போட்டது நண்பர் எமர்சனின் நிலத்தில். அம்மா வீடு நடந்து போகிற தூரம். இரண்டு வருஷம் சொச்சம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். திரும்ப ஒரு வாசல் இருந்தது. அதனால் அவர் எளிமை பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திரும்ப வாசல் இல்லாத ஒருவரையும் அதே வார்த்தையால் பாராட்டலாமா? நண்பன் பாராட்டியிருக்கிறான். "எவ்வளவு குறைச்சலான பொருளோட வாழப் போறீங்க, எனக்குப் பொறாமையா இருக்கு!" அந்த அம்மா சிரித்துவிட்டு, "உன் வீட்டைத் தர்றேன்னு மட்டும் சொல்லலையே" என்றாராம்.

எல்லாம் ஏற்றிவிட்டு எடை மேடைக்குப் போயிருக்கிறார்கள். எழுபது கிலோ அதிகம். நண்பன் உள்ளே ஏறி, கணவரின் இரும்புக் கருவிப் பெட்டியைக் காட்டினான். அவர் தலையாட்டவில்லை. தையல் மெஷின்? அதுவும் இல்லை. யோசித்துவிட்டுத் தண்ணீர் கேன்களைத் திறந்து கொட்டச் சொல்லியிருக்கிறார். ஒரு லிட்டர், ஒரு கிலோ. எழுபது லிட்டர். "தண்ணி வழியில கிடைக்கும்." அரிசோனாப் பாலைவனத்தில்!

முட்டாள்தனம் என்றான் நண்பன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த எழுநூற்றைம்பது கிலோவில், அவரே தேர்ந்தெடுக்க முடிந்தது அந்த எழுபதைத்தான்.

கிளம்புவதற்கு முன் அவர் ஒன்று கேட்டாராம். லைசென்ஸ், பேங்க், பென்ஷன் எல்லாவற்றுக்கும் ஒரு விலாசம் வேண்டும். "கடிதங்கள் உன் வீட்டுக்கு வரட்டுமா?"

"என்னடா சொன்ன?" என்றேன்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன்னேன். அப்புறம் நெட்ல தேடினேன். சவுத் டகோட்டா மாநிலத்துல ஒரு ராத்திரி தங்கின ரசீது இருந்தா போதும், லைசென்ஸ் தந்துடறாங்க. கடிதம் வாங்கி அனுப்புற கம்பெனிகளும் அங்க இருக்கு. அதை பிரின்ட் எடுத்துக் கொடுத்துட்டேன்."

அங்கிருந்து சவுத் டகோட்டா இரண்டாயிரம் கிலோமீட்டர் இருக்கும்.

"நல்ல ஐடியா" என்று நானும் சொல்லித் தொலைத்தேன்.