பிறர் நோயும் தன் நோயும்

1966-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசஃப் வைசன்பாம், ‘எலைசா’ என்ற கணிப்பொறி நிரலை வெளியிட்டார். ஒருவர் தட்டச்சு செய்யும் சொற்களையே சற்று மாற்றி, மனநல மருத்துவரைப் போல அது திருப்பிக் கேட்கும். அவ்வளவே. அவருடைய செயலாளரான அம்மையார் ஒருநாள் அதனுடன் உரையாட அமர்ந்தார். அது உருவானதைப் பல மாதங்கள் அருகிருந்து கண்டவர் அவர். ஆயினும், சிறிது நேரத்திலேயே வைசன்பாமை அறையை விட்டு வெளியே போகும்படி கேட்டுக்கொண்டார்!

வைசன்பாம் வியந்தார், பின்பு கவலையுற்றார். 1976-இல் எழுதிய நூலில், கணிப்பொறியால் இயலும் என்றாலும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாத பணிகள் உண்டு, கருணையும் விவேகமும் வேண்டுபவை அவை என்று வாதிட்டார்.

இன்றைய இயந்திரங்கள் எலைசாவினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தவை. மனிதர் எழுதிக் குவித்தவற்றில் பயின்று, தர்மம் பற்றிய வினாக்களுக்கும் பொருத்தமாகவே விடை தருகின்றன. அப்படியானால் அவற்றுக்கு அறம் உண்டா?

இங்கே ஒரு தடை எழலாம். ‘அறத்துக்கு இரக்கம் எதற்கு? இரக்கம் வற்றிய நிலையிலும் கடமை என்பதற்காகவே உதவுபவனின் செயலே உண்மையான ஒழுக்க மதிப்புடையது என 1785-இல் வெளிவந்த தம் நூலில் தத்துவ அறிஞர் காண்ட் கூறவில்லையா?’ உண்மை. ஆனால் அவர் காட்டும் மனிதன் சொந்தத் துயரத்தால் மனம் இருண்டவன். துன்பம் இன்னதென்று அறிந்தவன். தவறு செய்ய வழியிருந்தும் தனக்குத் தானே விதி வகுத்து, அதற்குக் கட்டுப்படுபவன். இரக்கமற்ற இயந்திரத்துக்கோ விதி வெளியிலிருந்து வருகிறது. உண்மை பேசுவதால் அது இழப்பது ஒன்றுமில்லை.

எல்லா உயிர்களின் இன்ப துன்பங்களையும் தன்னுடையவற்றோடு ஒப்பிட்டு உணர்பவனையே மேலான யோகி என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. ஒப்பிடுவதற்கு முதலில் தன் வலி வேண்டும். வலியை அறியாத ஒன்று பிறர் வலியை எதனோடு ஒப்பிடும்? பிற உயிரின் நோயைத் தன் நோயாகக் கருதாவிடில் அறிவினால் ஆவது என்ன என்று திருவள்ளுவரும் ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தில் வினவுகிறார். இயந்திரத்தை ஒழுங்காக இயங்கச் செய்யலாம், செய்யவும் வேண்டும். அந்த ஒழுங்குக்கான பொறுப்பு அதை ஆக்குவோரிடமும் ஆள்வோரிடமுமே உள்ளது.

ஆனால் இக்கேள்வி இயந்திரத்தோடு நின்றுவிடுவதில்லை. நோயாளியின் முகத்தைப் பாராமல் படிவத்தை மட்டும் நிரப்புபவர் விதி தவறவில்லை. ஜபத்தின் எண்ணிக்கை குறையாமல் காத்து, வாசலில் பசித்து நிற்பவரைக் காணாத சாதகரும் விதி தவறவில்லை. அங்கே அறம் நிகழ்ந்ததா?

தனிமையில் இயந்திரத்திடம் மனம் திறப்போர் இன்று உள்ளனர். அவர்களுள் ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கக்கூடும். இன்று மாலை அவரருகே சற்று அமர்ந்து, அவர் சொல்வதை முழுமையாகக் கேட்போம். அதுவும் வழிபாடே.