பயமுறுத்தும் பொய்யும் ஆறுதல் பொய்யும்

கஞ்சா பழக்கமாகுமா என்று கேட்டால் இரண்டு பதில்கள் சட்டென்று கிடைக்கும். ஒரே ஒரு இழுப்பு போதும், வாழ்க்கை முடிந்தது என்பது ஒன்று. வெறும் செடிதானே, சிகரெட்டைவிட மேல், அதற்கு யாரும் அடிமையாவதில்லை என்பது மற்றொன்று. முதலாவதைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இரண்டாவதை நண்பர்கள் சொல்கிறார்கள். இரண்டும் உண்மையல்ல. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இவற்றில் எதைச் சொன்னாலும் அது தீங்கு.

சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் இந்தக் கேள்வி ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. அங்குள்ள பழைய கடைவீடுகள் பலவற்றில் இப்போது காப்பிக்கடைகளும் மலிவுத் தங்குவிடுதிகளும் நடக்கின்றன. பேங்காக்கில் சுற்றிவிட்டு வரும் பயணியும், அடுத்த விடுமுறைக்கு பேங்காக் போகத் திட்டமிடும் உள்ளூர் மாணவனும் அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்திருப்பார்கள். 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்ததும் அங்கே தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025இல், அந்த நாடே பின்வாங்கி மருத்துவர் சீட்டு வேண்டும் என்றது. சிங்கப்பூரிலோ 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. சிங்கப்பூரர் ஒருவர் வெளிநாட்டில் புகைத்துவிட்டுத் திரும்பினாலும் அது இங்கே குற்றம். 1998இல் அதற்கென்றே சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. இரண்டரை மணி நேர விமானப் பயணத்துக்குள் ஒரே பொருளைப் பற்றி இவ்வளவு மாறுபட்ட தீர்ப்புகள் இருந்தால், இளைஞன் இரண்டையும் நம்பாமல் நண்பனை நம்புவதில் வியப்பில்லை.

அரசுகள் இந்தச் செடியைப் பார்த்த பார்வை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. சிங்கப்பூர் உருவான தொடக்கப் பத்தாண்டுகளில் அபின், சாராயம், கள் ஆகியவற்றைப் போலவே கஞ்சாவிலிருந்து செய்யும் பாங் விற்கும் உரிமையையும் ஆங்கிலேயர் குத்தகைக்கு விட்டுப் பணம் பார்த்தார்கள். அபின் குத்தகை சில காலங்களில் அரசு வருமானத்தில் ஏறக்குறையப் பாதியைத் தந்தது. இரண்டாம் உலகப் போர்வரை அந்த வருமானத்தை அவர்கள் முழுவதுமாக விடவில்லை. இந்தியாவில் கஞ்சாவைப் பற்றி விசாரிக்க 1893இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் 1,193 சாட்சிகளை விசாரித்து, ஏழு தொகுதிகளில் அறிக்கை தந்தது. அளவோடு புழங்குவதால் பெரிய கேடில்லை, அளவு மீறினால் கேடு, தடை வேண்டாம், வரி போதும் என்பது அதன் முடிவு. வரி வாங்குகிறவனே அமைத்த ஆணையம் வரி போதும் என்று சொன்னதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஆனாலும் அந்த அறிக்கையில் ஒரு பகுதி இன்றைக்கும் பயன்படும். பைத்தியக்கார விடுதிகளின் பதிவேடுகளை ஆணையத்தார் எடுத்துப் பார்த்தார்கள். நோய்க்குக் காரணம் என்ற கட்டத்தில் கஞ்சா என்று எழுதியிருந்த பலருடைய விஷயத்தில் யாரும் எதையும் விசாரிக்கவே இல்லை. காவலரோ எழுத்தரோ கட்டத்தை நிரப்புவதற்காக எழுதியது அது. மனநோய்க்குக் கஞ்சாவே காரணம் என்ற அன்றைய பொது நம்பிக்கையில் பெரும்பகுதி அப்படி நிரப்பிய கட்டங்களின் மேல் நின்றது. கஞ்சாவுக்கும் மனச்சிதைவுக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. தினமும் வீரியம் மிக்கதைப் புகைக்கும் இளைஞருக்கு அந்த ஆபத்து கூடுகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சரியான முடிவாகவே இருந்தாலும் அதைத் தவறான ஆதாரத்தால் நிறுவக்கூடாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

கேள்விக்கு நேரான பதில்: பழக்கமாகும், எல்லாருக்கும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஏறக்குறைய 8,000 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பை வைத்து 1994இல் ஓர் ஆய்வு வந்தது. வாழ்நாளில் ஒருமுறையாவது கஞ்சாவைத் தொட்டவர்களில் சுமார் 9 விழுக்காட்டினர் அதை விட முடியாத நிலைக்குப் போயிருந்தார்கள். அதே ஆய்வில் மதுவுக்கு 15, ஹெராயினுக்கு 23, புகையிலைக்கு 32 விழுக்காடு. நண்பர்கள் இந்த 9 என்ற எண்ணைக் காட்டித்தான் ஆறுதல் சொல்வார்கள். ஆனால் அது அந்தக் காலத்துச் சரக்கை வைத்து வந்த எண். அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் டிஎச்சி என்ற போதைச் சத்து 1995இல் சுமார் 4 விழுக்காடு, 2014இல் 12. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, புழங்குகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பழக்கக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. பதின்ம வயதில் தொடங்குகிறவர்களுக்கும் தினமும் இழுக்கிறவர்களுக்கும் ஆபத்து இதைவிட அதிகம்.

அது எப்படி நடக்கிறது என்பதும் இப்போது ஓரளவு தெளிவு. மூளையில் சிபி1 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. உடலே சுரக்கும் சில பொருள்கள் அவற்றில் சேர்ந்துதான் பசி, உறக்கம், நினைவு, மனநிலை எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. டிஎச்சியும் அதே ஏற்பிகளில் போய்ச் சேருகிறது. தினமும் வெள்ளமாக வந்தால் மூளை ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அதே கிறக்கத்துக்கு இன்னும் அதிகம் தேவைப்படுகிறது. திடீரென்று நிறுத்தினால் ஓரிரண்டு நாளில் எரிச்சல், உறக்கமின்மை, பசியின்மை, பதற்றம் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரமோ அதற்கு மேலோ நீடிக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல்தான் இந்த அவதியைத் தன் பட்டியலில் சேர்த்தது. கடும் குடிகாரர் திடீரென்று குடியை விட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம். கஞ்சாவை விடுவதில் அப்படி இல்லை. விட்ட ஒரு மாதத்துக்குள் ஏற்பிகள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதை மூளைப் படங்களில் பார்த்திருக்கிறார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும். அச்சுறுத்தும் பேச்சில் இந்தச் செய்தி காணாமல் போய்விடுகிறது. ஏற்கெனவே சிக்கிக்கொண்டவனுக்கோ இதுதான் அதிகம் தேவைப்படுவது.

தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிற நண்பன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் சாட்சி அவனுக்கு மட்டுந்தான் செல்லும். கேட்கிறவன் ஐந்தில் எந்த ஒருவன் என்பது தொடங்கும்போது யாருக்கும் தெரியாது. பெரியவர்களின் மிகை வேறு வகையில் கெடுக்கிறது. ஒரு இழுப்பில் எல்லாம் முடிந்துவிடும் என்று கேட்டு வளர்ந்தவன், ஒருநாள் இழுத்துப் பார்த்து, மறுநாள் வழக்கம்போல எழுந்து வகுப்புக்குப் போகிறான். சொன்னது நடக்கவில்லை. அந்த நொடியில் கஞ்சாவைப் பற்றி மட்டுமல்ல, ஹெராயினைப் பற்றியும் ‘ஐஸ்’ பற்றியும் அவர்கள் சொன்ன எல்லாமே அவனுக்குப் பொய்யாகிவிடுகின்றன. நல்ல நோக்கத்துக்காகச் சொன்னது என்று பெரியவர்கள் தேற்றிக்கொள்ளலாம். விலை கொடுப்பவன் அவன்.

என் உடம்பு, என் விருப்பம் என்ற வாதத்தையும் எளிதாகத் தள்ளக்கூடாது. வளர்ந்த ஒருவர் தன்னை மட்டும் பாதிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் தலையிட என்ன உரிமை? நேர்மையான கேள்வி. ஆனால் சிங்கப்பூரில் அதற்கு ஒரு தடை நிற்கிறது. போதைப்பொருளைத் தொட்டவர்கள் முதன்முதலில் தொட்ட சராசரி வயது 15.9 என்று மனநலக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. அந்த வயதில் எடுத்த முடிவை வளர்ந்தவரின் சுதந்திரத் தேர்வு என்று எப்படிச் சொல்வது? பின்னால் இருபத்தைந்து வயதில் அவர் என் விருப்பம் என்று சொல்லும்போது, அந்த விருப்பத்தைப் பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஏற்கெனவே அவருக்காகத் தீர்மானித்துவிட்டிருக்கிறான்.

அப்படியானால் தண்டனை? பழக்கமாகும் என்பதை ஏற்றுக்கொண்டவுடனே கடுமையும் நியாயமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கேதான் தடம் புரள்கிறது. ஒரு பொருள் மனிதனின் மன உறுதியைத் தின்கிறது என்றால், அதைப் புழங்குகிறவன் மேல் சுமத்தும் பழி குறைய வேண்டுமே தவிரக் கூடக்கூடாது. விடமுடியாதவனை விடவில்லை என்று அடிப்பதில் நீதி இல்லை. சிங்கப்பூர்ச் சட்டமே மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2019இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, வேறு குற்றம் எதுவும் செய்யாமல் புழங்க மட்டும் செய்தவர்கள், மறுபடி மறுபடி பிடிபட்டாலும், நீண்ட சிறைக்குப் பதிலாகப் போதை மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கும் கதவு வெளியிலிருந்துதான் பூட்டப்படுகிறது. என்றாலும் திசை சரி.

விற்பவன் நிலை வேறு. ஐந்தில் ஒருவரை முடக்கக்கூடியதை, யார் அந்த ஒருவர் என்று கவலைப்படாமல் விற்பது தவறு. பிள்ளைகளுக்கு விற்பது கொடுமை. ஆனால் அந்தத் தவறுக்கு உயிரா விலை? 2023 ஏப்ரல் 26 அன்று தங்கராஜு சுப்பையா என்ற 46 வயதுச் சிங்கப்பூர்த் தமிழர் சாங்கியில் தூக்கிலிடப்பட்டார். 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்துவதற்கு உடந்தையாக இருந்தார் என்பது வழக்கு. அந்தச் சரக்கு அவர் கையில் பிடிபடவில்லை. தொலைபேசி எண்கள் அவரைக் கடத்தலோடு இணைத்தன. வாக்குமூலத்தின்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டும் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. கடும் தண்டனை இருப்பதால்தான் இந்தத் தீவு பாதுகாப்பாக இருக்கிறது என்பது அரசின் வாதம். சிங்கப்பூரர்களில் பெரும்பாலோரும் அதை ஆதரிக்கிறார்கள். தேக்காவிலோ ஜாலான் புசாரிலோ இரவு பதினொரு மணிக்குத் தனியாக நடந்துபோகும் பெண்ணுக்குக் கிடைக்கும் நிம்மதியை யாரும் அற்பமாகப் பேச வேண்டாம். ஆனால் கஞ்சா பழக்கமாகும் என்ற உண்மை, எவ்வளவு அழுத்திச் சொன்னாலும், ஒரு மனிதனைத் தூக்கிலிடும் அளவுக்குப் பாரம் தாங்காது. 499 கிராமுக்கும் 501 கிராமுக்கும் இடையில் ஒருவன் மனச்சாட்சியில் எதுவும் மாறுவதில்லை.

பழக்கமாகும் பொருள்களைப் படிப்படியாகக் கையாளத் தெரியாத ஊரும் அல்ல இது. 2013 டிசம்பர் 8 அன்று, தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து லிட்டில் இந்தியாவின் ரேஸ்கோர்ஸ் சாலையில் கலவரம் மூண்டது. மதுவும் ஒரு காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. அதன்பின் வந்த தடை எப்படி இருந்தது? 2015 ஏப்ரல் முதல் தீவு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவில் வார இறுதி முழுவதும் கூடாது. சூதாட்டக்கூடங்கள் வந்தபோது, பழக்கத்தில் சிக்கியவரை உள்ளே விடாதபடி அவர் குடும்பமே விண்ணப்பிக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். நேரம், இடம், குடும்பத்தின் சொல் என்று நிதானமாக யோசித்த ஏற்பாடுகள் இவை. மது கடையில் கிடைக்கிறதே, கஞ்சாவையும் விடுங்கள் என்பதல்ல இங்கே வாதம். ஒரு கேடு இருக்கிறது என்பது இன்னொன்றை அழைத்துவர நியாயமாகாது. தடை இருக்கட்டும். ஆனால் சூதாடும் கணவனுக்காக விண்ணப்பிக்கும் மனைவிக்கு இருக்கும் துணிச்சல், கஞ்சா புழங்கும் மகனைப் பெற்ற தாய்க்கும் வர வேண்டாமா?

அவளுக்கு வருவதில்லை. போதைக்கு அடிமையானவர் என்று சந்தேகித்தால் நோயாளியைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது மருத்துவரின் சட்டக் கடமை. மகனை மருத்துவரிடம் கூட்டிப்போவதும் காவலரிடம் கொடுப்பதும் ஒன்றுதான் என்று அவள் நினைக்கிறாள். அத்தோடு குடும்ப மானம். பிடிபடும் போதைப் புழங்கிகளில் இந்தியர்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கைவிட அதிகம் என்பது பல ஆண்டாகத் தெரிந்த செய்திதான். ஆனால் திருமண வீட்டுப் பேச்சில் அது எப்போதும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் கதை. கோயிலுக்கு நேர்ந்துகொள்வது, சித்தப்பா வீட்டில் விட்டுவைப்பது, ஊருக்கு அனுப்பிவிடுவது எல்லாம் நடக்கும். மகனிடம் உட்கார்ந்து பேசுவது மட்டும் நடக்காது. கஞ்சாப் பழக்கத்துக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. பேச்சுவழிச் சிகிச்சைதான் இருப்பதில் நல்லது. நம் வீடுகளில் அதுவே அரிதாக இருக்கிறது. இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் ஆசிரமம் போன்ற மறுவாழ்வு இல்லங்கள் செய்கிற வேலை பெரியது. ஆனால் அங்கே போய்ச் சேருகிறவர் ஏற்கெனவே பல கதவுகளைக் கடந்து வந்தவர்.

அதனால் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கஞ்சா பழக்கமாகுமா என்று கேட்டால் சத்தம் போடாதீர்கள். எங்கே கேள்விப்பட்டாய் என்று குறுக்கு விசாரணையும் வேண்டாம். ஐந்தில் ஒருவருக்கு ஆகும், உன் வயதில் தொடங்கினால் அதற்கும் மேல், யாருக்கு ஆகும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது, சிக்கினாலும் மீள முடியும், சட்டம் இன்னது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். 15.9 என்பது சராசரி. பாதிப் பேர் அதற்கும் முன்பே தொட்டிருக்கக்கூடும். எனவே பதினாறாவது பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டாம்.