மஞ்சள் கோடு, பச்சைக் கோடு

மகன் பேஸ் கிடார் வாங்கியிருக்கிறான் என்பது, அலமாரியில் இருந்த மருந்து பாட்டில்கள் கிணுகிணுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த அறையில் அவன் வாசிக்க, என் அறை அதிர்ந்தது. நான் ரேடியோ ரிப்பேர் பார்த்துக் குடும்பம் நடத்தியவன். வால்வு ரேடியோவின் ஸ்பீக்கரில் அவ்வளவு கீழே இருக்கிற சத்தம் வெளியே வராது. இளையராஜா பாட்டுகளுக்கு அடியில் ஒரு பேஸ் கிடார் தனிக்கதை சொல்லிக்கொண்டு போகிறது என்பதே, வயதான பிறகு மகனுடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டபோதுதான் காதில் விழுந்தது. அத்தனை வருஷம் அந்தப் பாட்டுகளைப் பாதிதான் கேட்டிருக்கிறேன்.

ஒரு ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டான். "அப்பா, வால்வுல ஒரு டிஐ பாக்ஸ் பண்ணித் தர முடியுமா?"

அவன் என்னிடம் எதையும் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அது என்ன பாக்ஸ் என்று தெரியாமலே சரி என்றுவிட்டேன்.

பிறகு அவனே விளக்கினான். கிடாரின் தந்திக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி முடி மாதிரி மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகளும் இருக்கின்றன. பேட்டரி கிடையாது. தந்தி அசையும்போது பிறக்கிற மின்சாரம்தான் மொத்த வரும்படி. அதைக் கொண்டுபோய் மிக்ஸரில் நேராகச் செருகினால் சத்தம் சோர்ந்துவிடும். நடுவில் ஒரு பெட்டி வேண்டும். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில், ஒரு சாதாரண வீட்டையே ஸ்டுடியோவாக்கி 1960-களில் மோடவுன் கம்பெனி பாட்டுகளைப் பதிவு செய்தது. அங்கே ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர் வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பேஸ் வாசித்தாராம். அவருக்கு முன்னால் மைக் வைக்கவில்லை. கிடாரிலிருந்து வயர் நேராகப் பதிவுக்குப் போனது. அதற்கான பெட்டிகளை ஸ்டுடியோ இன்ஜினியர்களே கையால் செய்துகொண்டார்கள். ஜேமர்சன் தந்திகளை அறுந்தாலொழிய மாற்ற மாட்டார் என்றும் சொன்னான். இதையெல்லாம் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பார்க்கிற இடத்தில் நான் இருந்ததில்லை என்றும் சொல்லலாம்.

அவன் சொன்னதை நான் என் பாஷையில் புரிந்துகொண்டேன். எங்கள் ஊர் ஆற்றில் கோடைக்காலத்தில் மணலைத் தோண்டி ஊற்று எடுப்பார்கள். கொட்டாங்கச்சியால் மெதுவாக மொண்டால் தெளிந்த தண்ணீர். அவசரப்பட்டு வாளியை அமுக்கினால் சேறு. கிடாரின் கம்பிச்சுருள் அந்த மாதிரி ஊற்று. மிக்ஸரின் லைன் சாக்கெட் ஏறக்குறைய 10,000 ஓம், அது வாளி. வால்வின் கிரிட் கொட்டாங்கச்சி. பிளெமிங் 1904-இல் முதல் வால்வைச் செய்தார். அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பியை வைத்து, சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆட்டிவைக்கலாம் என்று 1906-இல் காட்டியவர் டி ஃபாரஸ்ட். அந்தக் கம்பிதான் கிரிட். அது கரண்ட் கேட்காது என்றே சொல்லலாம். வருகிற வோல்டேஜை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும், பார்த்ததைப் பக்கத்தில் சொல்லும். கிரிட்டுக்கும் எர்த்துக்கும் நடுவில் நாம் போடுகிற ரெசிஸ்டர் எவ்வளவோ, கிடாருக்குத் தெரிகிற சுமை அவ்வளவுதான். 1 மெக் போடுவது வழக்கம். பத்து லட்சம் ஓம்.

பார்ட்ஸ் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நான்கு தடவை நடந்தேன். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு வாங்கி முதுகோடு முதுகு சேர்த்தேன். முதலாவது 230 வோல்ட்டை 12 ஆக இறக்கும். இரண்டாவதைத் தலைகீழாக மாட்டினால் அதே 12-ஐ மறுபடி 200-க்கு மேலே ஏற்றும். நடுவில் இருக்கிற 12 வோல்ட் வால்வின் ஹீட்டருக்கு. மேலே ஏறினதை டயோடு வழியாக டிசி ஆக்கியபோது மீட்டர் 270 காட்டியது. இசிசி82 வால்வு என் பழைய பிஸ்கட் டப்பாவிலேயே கிடந்தது. அமெரிக்கர்கள் அதை 12ஏயூ7 என்பார்கள். ஒரு கண்ணாடிக்குள் இரண்டு வால்வு: ஒன்று சத்தத்தைப் பெருக்க, இன்னொன்று அதை அலுங்காமல் அடுத்த கைக்குக் கொடுக்க. கடைசியில் பத்துக்கு ஒன்று என்று இறக்குகிற ஒரு டிரான்ஸ்ஃபார்மர். பேஸின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அவ்வளவு மெதுவான அசைவைத் தாங்க இரும்பு தாராளமாக வேண்டும். அதை மட்டும் மகன் வெளியிலிருந்து வரவழைத்தான்.

மூடியைத் திறந்து வேலை செய்தபோதெல்லாம் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் தலையில் குட்டிப் பழக்கிய பழக்கம். ஷாக் அடித்தாலும் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாகப் பாயக்கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் கன்டென்சருக்குள் வோல்டேஜ் நிற்கும். 100 மைக்ரோ ஃபாரடுக்கு 220 கே ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போட்டால் இரண்டு நிமிஷத்தில் வடியும். நான் ஐந்து நிமிஷம் காத்திருப்பேன். அப்புறமும் மீட்டர் வைத்துப் பார்ப்பேன்.

ஹம், அதாவது கரண்டின் உறுமல், ஒரு வாரத்தைத் தின்றது. நம் ஊர்க் கரண்டு 50 ஹெர்ட்ஸ். தடித்த தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வருகிற 'ஜி' 49 ஹெர்ட்ஸ். அவன் ஜி வாசிக்கும்போது ஹம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். நிறுத்தினால் தலையைத் தூக்கும். ஹீட்டர் வயர்களை முறுக்கிப் போட்டேன். கடைசி டிரான்ஸ்ஃபார்மரை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஹம் அடங்குகிற கோணத்தில் ஸ்க்ரூ போட்டேன். பெட்டிக்குள் அது கோணலாக உட்கார்ந்திருக்கிறது. பார்க்க அசிங்கம்தான்.

மகன் வாசித்துப் பார்த்தான். "சூப்பரா இருக்குப்பா," என்றான்.

பத்து நாள் கழித்து அவன் அறைக்குப் போனபோது பெட்டி அலமாரியின் மேல் தட்டில் இருந்தது. கிடார் வயர் அவன் முன்பு வைத்து வாசித்த பழைய மிஷினிலேயே செருகியிருந்தது. நான் கேட்கவில்லை. அவன் வெளியே போனதும் பெட்டியை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய் வெயிலில் திறந்தேன். கிரிட்டில் இருந்த ரெசிஸ்டரில் பழுப்பு, கறுப்பு, அடுத்ததாக மஞ்சள். பச்சை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள். 10 லட்சத்துக்குப் பதில் 1 லட்சம். என் அறை டியூப் லைட்டில், இந்தக் கண்ணுக்கு அந்த இரண்டு நிறமும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கின்றன. சுமை பத்து மடங்கு. அடிச்சத்தம் அப்படியே இருக்கும். விரல் தந்தியை விடுகிற அந்த முனை, உரசல், உலோகத்தின் மினுக்கம் எல்லாம் மழுங்கியிருக்கும். அவன் காதுக்கு முதல் நிமிஷத்திலேயே தெரிந்திருக்கும்.

தெரிந்தும் ஏன் சூப்பர் என்றான்? மாடியில் உட்கார்ந்து யோசித்தேன். அவன் கல்லூரி முடித்து, பேண்டில் சேர்கிறேன் என்று சொன்ன அன்று நான் கேட்ட முதல் கேள்வி, "மாசம் என்ன வரும்?" தப்பான கேள்வி என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் அவன் ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்வதற்குள் கேட்டுவிட்டேன். அதற்கு முன்னாலும் அப்படித்தான். மார்க் சொன்னால் பக்கத்துப் பையன் மார்க்கைக் கேட்பேன். என்னிடம் எதைக் கொண்டுவந்தாலும் அதற்கு மேல் கொஞ்சம் கேட்கிற கை என்னுடையது. அவன் அளந்து, மழுக்கித் தரப் பழகிவிட்டான்.

அவன் அம்மாவிடம் எல்லாம் சொல்வான். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, நிமிராமல் "ம்" என்பாள். அவ்வளவுதான். அவன் பேசிக்கொண்டே இருப்பான். ஒரு காலத்தில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது: புத்தி சொல்லாமல் வெறும் ம் கொட்டினால் பையன் எப்படி உருப்படுவான்? ஆனால் தொழில் தெரிந்தவன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1 மெக் சும்மா வராது. சுமை குறைந்த கிரிட்டுக்கு வேண்டாத சத்தமும் வந்து சேரும்; விரல் பக்கத்தில் போனாலே உறுமும். சுற்றிலும் தகரக் கவசம் வேண்டும். அவளுக்கு அப்படிக் கவசம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். யார் யார் சொன்னதோ எல்லாம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

பச்சைக் கோடு போட்டதை வைத்துச் சால்டர் பண்ணினேன். மஞ்சளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஒருவேளை அவனுக்கு நிஜமாகவே அந்த மழுங்கல் பிடித்திருந்தால்? பழைய தந்தியின் மந்தமான சத்தத்துக்காகவே மாற்றாமல் வாசித்த ஜேமர்சன் கதையைச் சொன்னவன் அவன்தானே. அதனால் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்து, வேண்டுமானால் மஞ்சளும் சேர்ந்துகொள்கிற மாதிரி செய்தேன். எதுவும் எழுதவில்லை. பெட்டியை அதே தட்டில் வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இது எதுக்குப்பா?"

விளக்கம் நாக்கு நுனிவரை வந்தது. நிறம், கண், ஓம், மன்னிப்பு எல்லாம்.

"போட்டுப் பாரு."

அவன் அறையில் சுவிட்ச் கட்கட்டென்று இரண்டு மூன்று தடவை மாறுவது கேட்டது. ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வாசித்தான். பிறகு கிடாரை மாட்டியபடியே வாசலில் வந்து நின்றான்.

"இந்தப் பக்கம்தான் சரி. முன்னாடி கொஞ்சம் மொத்தையா இருந்துச்சுப்பா. அப்பவே சொல்லியிருக்கணும்." கொஞ்சம் நிறுத்தினான். "ஹம் கூட இன்னும் இருக்கு. அப்புறம், அந்த சேஸிஸ் ஓரம் கையைக் கிழிக்குது."

"ம்," என்றேன்.